கிடார் பெடலுக்கு மிக்ஸிங் ரூமில் என்ன வேலை?

டிஸ்கி: பி.காம் படிக்கிறவனுக்கு ஒலிப்பதிவு பத்தி என்னடா தெரியும்னு கேக்கறவங்க, தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிச்சிட்டுத் திட்டவும். கிடார் வாசிக்கத் தெரியணும்னு அவசியமில்லை. கொஞ்சம் பொறுமை போதும் :)

முதல்ல, இந்த உலகத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. குரல், டிரம்ஸ், பேஸ் கிடார், கீபோர்டுனு தனித்தனியா பதிவு பண்ணினதை அளவு பார்த்து ஒண்ணா சேர்க்கிற வேலைக்குப் பேருதான் மிக்ஸிங். அப்போ ஒரு டிராக்கை மட்டும் கம்ப்யூட்டர்ல இருந்து வெளியே அனுப்பி, ஏதாவது ஒரு பெட்டி வழியா ஓட்டி, திரும்ப உள்ளே பதிவு பண்ணிக்கலாம். அந்த மாதிரி பெட்டிகளை அவுட்போர்டுனு சொல்லுவாங்க.

அந்தப் பெட்டி ரேக்குல மாட்டற லட்ச ரூபாய் வால்வ் சமாச்சாரமா இருந்தா, "ஆஹா, அனலாக்! என்ன ஒரு கதகதப்பு!"னு கன்னத்துல போட்டுக்கறாங்க. அதே டிராக்கை, கிடார்காரங்க காலால மிதிக்கிற டிஸ்டார்ஷன் பெடல் வழியா ஓட்டறேன்னு சொல்லிப் பாருங்க. ஒரு சிரிப்பு வரும். "தம்பி, அது பொம்மை. மிக்ஸிங்னா அதுக்குன்னு சாமான் இருக்கு." எனக்குக் கோவம் அந்தச் சிரிப்பு மேலதான். இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான்.

பெடல் மிக்ஸிங் ரூமுக்கு அந்நியன்னு சொல்றவங்களுக்கு அதோட ஜாதகம் தெரியாது. சொல்றேன், கேளுங்க.

1960. அமெரிக்காவுல நாஷ்வில். மார்ட்டி ராபின்ஸ்னு ஒரு கன்ட்ரி பாடகர், 'டோன்ட் வொர்ரி'ங்கற பாட்டைப் பதிவு பண்ணிட்டிருக்கார். கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ்ல ஒரு சின்ன தனி ஆவர்த்தனம் வாசிக்கிறார். அது போய்ச் சேர்ந்த மிக்ஸிங் மேசையோட ஒரு சேனல் அன்னிக்குப் பாத்து பழுதாகி, சத்தம் கிழிஞ்சு போய் தேனீ கூட்டம் மாதிரி இரையுது. வேற யாரா இருந்தாலும் அழிச்சிட்டு மறுபடி எடுத்திருப்பாங்க. இவங்க அப்படியே விட்டுட்டாங்க. 1961ல பாட்டு வெளியாகி கன்ட்ரி பட்டியல்ல முதலிடம். அதுக்கப்புறம் ஆளாளுக்கு அந்தச் சத்தம் எங்களுக்கும் வேணும்னு கேக்க, அந்தப் பதிவோட இன்ஜினியர் கிளென் ஸ்னாடி, டிரான்சிஸ்டர் வெச்சு அதே மாதிரி கிழிக்கிற ஒரு சர்க்யூட்டை உருவாக்கி கிப்சன் கம்பெனிக்குக் கொண்டு போனார். 1962ல அது 'மேஸ்ட்ரோ எஃப்.இசட்-1 ஃபஸ் டோன்'னு கடைக்கு வந்துச்சு. கடையில வித்த முதல் ஃபஸ் பெடல்னு சொல்றது இதைத்தான். 1965ல ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாடிஸ்ஃபேக்ஷன்' பாட்டுல கீத் ரிச்சர்ட்ஸ் இதை மிதிச்சப்புறம் உலகமே மிதிக்க ஆரம்பிச்சது.

புரியுதா மக்களே? கெட்டுப்போன ஒரு மிக்ஸிங் மேசையைக் காப்பியடிச்சுத்தான் பெடலே பிறந்துச்சு. கிடார்காரங்க அதைத் தத்து எடுத்து வளர்த்தாங்க, அவ்வளவுதான். பிறந்த வீட்டுக்கு வர்ற பொண்ணை வாசல்ல நிறுத்தி "நீ யாரு?"னு கேக்கறது என்ன நியாயம்?

இன்னொரு உதாரணம். 1968ல பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டு. அந்தக் கிழிஞ்ச கிடார் சத்தத்துக்கு ஆம்ப் கிடையாது. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுல ஜெஃப் எமரிக் கிடாரை நேரா மிக்ஸிங் மேசையில சொருகி, ரெண்டு ப்ரீஆம்பை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாட்டி, தாங்க முடியாத அளவுக்கு ஏத்தி விட்டார். மேசையையே பெடலா ஆக்கிட்டாங்க. அது வரலாறாம். பெடலை மேசையில மாட்டினா மட்டும் அசிங்கமாம்.

சரி, அவங்க கேக்கற கேள்விகளுக்கு வருவோம். ஞாயமான கேள்விகளும் இருக்கு.

"லெவல் ஒத்து வராது." உண்மை. ஸ்டூடியோ சாமான் பேசறது லைன் லெவல். தொழில்முறை அளவு +4 டி.பி.யூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். கிடார்ல இருந்து வர்றது பொதுவா அதைவிட ரொம்பக் கம்மி, மில்லிவோல்ட் கணக்கு. ஒன்பது வோல்ட் பேட்டரியில ஓடற பெடலுக்குள்ள லைன் லெவலை அப்படியே திறந்து விட்டா, நாப் எங்க இருந்தாலும் ஒரே கரகரதான். ஆனா இதுக்குத் தீர்வு இருக்கே! ஜான் குனிபெர்ட்டிங்கற இன்ஜினியர் 1990களிலேயே 'ரீஆம்ப்'னு ஒரு சின்ன பெட்டி கொண்டு வந்தார். லைன் லெவலை கிடார் லெவலுக்கு இறக்கிக் கொடுக்கறதுதான் அதோட வேலை. அதுவும் இல்லையா? கம்ப்யூட்டர்ல வெளியே போற அளவை நல்லா குறைச்சு அனுப்புங்க. திரும்ப வரும்போது இன்டர்ஃபேஸ்ல கிடார் சொருகற இன்புட்ல வாங்குங்க. கூடவே இரைச்சல் கொஞ்சம் ஏறும், பெரும்பாலான பெடல்களுக்கு அது பரவாயில்லை. ஃபஸ் ஃபேஸ் மாதிரி பழைய பாணி ஃபஸ் பெடல்கள்தான் கொஞ்சம் வீம்பு பிடிக்கும். எதிர்ல நிஜ கிடார் பிக்கப் இல்லேன்னா அதுக சத்தம் முள்ளு முள்ளா மாறிடும். சில பாட்டுக்கு அந்த முள்ளே நல்லாத்தான் இருக்கும்.

"போய்ட்டு வர தாமதமாகும், மத்த டிராக்கோட சேராது." ஆகும். ஆயிரத்துல சில பங்கு வினாடி. நிறைய மென்பொருள்ல இதை அளந்து சரி பண்ற வசதி இருக்கு. ரீப்பர்ல ரீஇன்சர்ட்னு ஒண்ணு கூடவே வருது. ஒண்ணுமே இல்லேன்னா திரும்பி வந்த டிராக்கை மவுஸால பிடிச்சு முன்னாடி நகர்த்துங்க. இதுக்குப் போய் ராக்கெட் விஞ்ஞானி வேணுமா?

"பெடல் மோனோ." ஆமா. பேஸும் மோனோ, ஸ்னேரும் மோனோ, பாடறவர் வாயும் ஒண்ணுதான். முழுப் பாட்டையும் பெடல்ல ஓட்டச் சொல்லி யாரும் கேக்கலை.

"எதுக்கு இந்த வம்பு, பிளக்இன் இருக்கே?" இது நல்ல கேள்வி. அனலாக்னா தெய்வீகம், டிஜிட்டல்னா பிளாஸ்டிக்னு நான் கதை விடப் போறதில்லை. டிஜிட்டல் டிஸ்டார்ஷன்ல நிஜமான சிக்கல் ஒண்ணு உண்டு. வினாடிக்கு 44,100 மாதிரி எடுக்கற கணக்குல, 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல எதுவும் இருக்க முடியாது. 9,000 ஹெர்ட்ஸ் சத்தத்தைக் கிழிச்சா அதோட மூணு மடங்கு, 27,000ல ஒண்ணு பிறக்கும். இடம் இல்லாததால அது மடங்கி 17,100ல வந்து உக்காந்துக்கும். சுருதிக்கு சம்பந்தமே இல்லாத விருந்தாளி. பெடல்ல இந்தப் பிரச்சனை இல்லை. ஆனா நல்ல பிளக்இன்கள் ஓவர்சாம்பிளிங் பண்ணி இதைப் பெருமளவு சமாளிச்சிடுது. அதனால பிளக்இன் கையில இருந்தா தாராளமா போடுங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: பெடல் கையில இருக்கறவனை ஏன் சிரிக்கறீங்க? டெக் 21 கம்பெனியோட சான்ஸ்ஆம்ப் 1989ல வந்த ஒரு பெடல். டிசாட் பிளேக்னு ஒரு பேர் போன மிக்ஸிங் இன்ஜினியர் அதை டிரம்ஸ், குரல்னு கிடாருக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துல எல்லாம் போட்டு வேலை வாங்கினார். அதே சான்ஸ்ஆம்ப் குடும்பத்துல ஒண்ணு ப்ரோ டூல்ஸ் கூடவே பிளக்இன்னா வந்துச்சு. திரையில படமா இருந்தா தொழில், தரையில பெட்டியா இருந்தா பொம்மையா?

எங்க படிப்புல முதல் வருஷமே ஒண்ணு சொல்லித் தருவாங்க. ஒரு பொருளோட விலை வேற, அதால கிடைக்கிற பயன் வேற. ரெண்டையும் குழப்பிக்கிட்டா கணக்கு உருப்படாது. 'கல்ச்சர் வல்ச்சர்'னு ஒரு ரேக் கருவி இருக்கு. வால்வ் வெச்சு சத்தத்தைக் கிழிக்கறதுக்குன்னே செஞ்சது. நம்மூர்ல லட்சத்தைத் தாண்டும். அருமையான கருவி, மறுப்பே இல்லை. ஆனா அதுவும் பண்றது டிஸ்டார்ஷன்தான், பெடலும் பண்றது டிஸ்டார்ஷன்தான். ஒண்ணு மரியாதை, இன்னொண்ணு கேலிங்கறப்போ நடுவுல இருக்கற வித்தியாசம் காதுக்குத் தெரிஞ்சதா, பில்லுல தெரிஞ்சதா?

எதுக்கு இவ்வளவு ஆவேசம்னு கேக்கலாம். எங்க செட்ல ஒருத்தன் இருக்கான். மூணு பாட்டு, எழுதி, பாடி, பதிவு பண்ணி, ஹார்ட் டிஸ்க்ல ஒரு வருஷமா தூங்குது. கேட்டா, "பேஸ் ஃபோன்ல கேக்கவே மாட்டேங்குதுடா, நல்ல சாச்சுரேஷன் யூனிட் வாங்கினப்புறம் முடிக்கறேன்"ங்கறான். இப்படி ஒரு நம்பிக்கையை அவன் மண்டையில ஏத்தினவர் ஒரு சீனியர். அவன் கட்டிலுக்கு அடியில ஒரு டியூப் ஸ்க்ரீமர் தூசி படிஞ்சு கிடக்கு. அவன் அப்பா சம்பளத்துல அந்த யூனிட் வர்றதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமே ஆயிடும்!

இத்தனைக்கும் அவன் பிரச்சனைக்கு மருந்து அந்தக் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. பேஸ் கிடாரோட தடிச்ச கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஆனா டிஸ்டார்ஷன் போட்டா 82, 123, 165னு அதோட மடங்குகள் மேல மேல பலமா கிளம்பும். மேல இருக்கற அந்த மடங்குகளை ஃபோன் பாடும். அதைக் கேட்டதும், கீழ இல்லாத 41ஐயும் நம்ம மூளையே போட்டு நிரப்பிக்கும். டியூப் ஸ்க்ரீமர் அடிச் சத்தத்தை வெட்டி, நடுவுல இருக்கறதைத்தான் அதிகமா கிழிக்கும். கிடார்காரங்க சில பேர் இதைக் குறைன்னு திட்டுவாங்க, இங்க அதுவே வசதி. அசல் பேஸ் டிராக்கைத் தொடாம வெச்சுக்கிட்டு, ஒரு நகலை மட்டும் பெடல்ல ஓட்டி, அடியில மெல்லமா கலந்தா போதும். தனியா கேட்டா கேவலமா இருக்கும். பாட்டோட கேட்டா பேஸ் எழுந்து நிக்கும். அதே மாதிரி ஸ்னேர் சப்பையா இருக்கா, ஒரு நகலை ப்ரோகோ ராட்ல ஓட்டிப் பாருங்க. குரல் கூட்டத்துல காணாமப் போகுதா, ஓவர்டிரைவ்ல ஓட்டி, உச்சியை வெட்டிட்டு, இருக்கா இல்லையானு தெரியாத அளவுக்குச் சேருங்க.

பெடல்ல இன்னொரு நல்லது. மூணு நாப்தான். திருப்பறோம், காதுக்குப் பிடிச்ச இடத்துல நிறுத்தறோம், பதிவு பண்றோம், முடிஞ்சுது. நாளைக்கு வந்து முந்நூறு பிரீசெட் புரட்டிப் பார்க்கற வேலை கிடையாது. வேணும்னா நாப் இருக்கற இடத்தை ஃபோன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்குங்க. முடிவு எடுக்கத் தெரியாம முடியாம கிடக்கற பாட்டுகள்தான் நம்ம பசங்ககிட்ட அதிகம்.

அதனால ராசா, உனக்குத்தான் சொல்றேன், உன்னை மாதிரி இன்னும் நிறைய பேருக்கும்தான். கேக்கறவங்க யாரும் நீ எந்தப் பெட்டியில ஓட்டினேன்னு ரசீது கேக்க மாட்டாங்க. கட்டிலுக்கு அடியில இருந்து அதை எடு, தூசி தட்டு, பேட்டரி மாத்து. பாட்டை முடி.

பி.கு: அடாப்டர்ல 'ம்ம்ம்'னு உறுமல் வந்தா பெடலை பேட்டரியில ஓட்டிப் பாருங்க, பாதி நேரம் சரியாயிடும். அப்பவும் சிரிக்கறவங்க சிரிக்கட்டும் :)