கல்தச்சன் செய்ததைக் கணினி செய்யாதா?

திருவண்ணாமலைக் கோயிற் சுவர்களில் சோழர் காலந்தொட்டு வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. சோழர் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டைக் குறிக்குமிடத்து, 'யாண்டு' என்னும் சொல்லை அடுத்துத் தமிழ் எண்ணையும், அதனை அடுத்து 'ஆவது' என்னும் ஈற்றையும் பொறிப்பது வழக்கம். எண்ணையும் தமிழ்ச்சொல்லாகவே படித்து, அதற்குரிய ஈற்றைப் பொருத்தினான் அன்றைய கல்தச்சன். உளிக்கு இயன்ற அவ்வினை இன்றைய கணினிக்கு இயலவில்லை என்றால், குறை கணினியின்பாற்பட்டதா? தமிழர்பாற்பட்டதா?

அக்கல்வெட்டுகளைப் பற்றி ஒருவர் நூலெழுதுகிறார் எனக் கொள்க. நூலின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதியைச் சுட்டுதற்கு, அச்சுக்கோப்பு மென்பொருள்களில் 'குறுக்குச் சுட்டு' என்னும் ஏந்து உண்டு. இடையில் ஓர் இயல் புதிதாகச் சேர்ந்தால், பின்னுள்ள சுட்டெண்களையெல்லாம் மென்பொருளே திருத்திக்கொள்ளும். நல்ல ஏந்துதான், ஆனால், ஆங்கில அமைப்பைக் கருதியே அது செய்யப்பெற்றது. ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருள் தரும் சொல் முன்னே தனித்து நிற்கும். தமிழிலோ உருபு பின்னே வந்து ஒட்டும். ஒட்டுங்கால் சொல்லின் ஈறும் திரியும். 'வல்லாளன் கோபுரம்' என்னும் தலைப்பை மென்பொருள் எடுத்து வைக்க, நூலாசிரியர் அதன்பின் 'இல்' சேர்த்தால், 'வல்லாளன் கோபுரத்தில்' என வாராது; 'வல்லாளன் கோபுரம்இல்' என்றே அச்சேறும். '45ஆம் பக்கத்தில் காண்க' என்பது தமிழ்நடை. 'காண்க: பக்கம் 45' என்பது ஆங்கிலநடை. மென்பொருளுக்கு எளிது பின்னதே.

இந்நிலையில் நூலாசிரியர்க்கு இரு வழிகளே எஞ்சுகின்றன. ஒன்று, பொறிக்கு ஏற்பத் தமிழை வளைத்தல். மற்றொன்று, ஏந்தைக் கைவிட்டு எண்களையும் தலைப்புகளையும் கையாலேயே இடுதல். முதல்வழியில் மொழி சிதைகிறது. இரண்டாம் வழியில் நூல் சிதைகிறது. ஓர் இயல் கூடினும் குறையினும் சுட்டுகள் பிறழ்ந்து, படிப்பவர் ஒரு கல்வெட்டைத் தேடிப்போய் வேறொன்றில் முட்டி நிற்பார். தமிழ் வேண்டுமா, திருத்தம் வேண்டுமா என்று தமிழனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கருவி, தமிழனுக்குரிய கருவியாகுமா?

'தமிழ் பொறிக்கு ஒத்துவாராது' எனச் சிலர் உதடு பிதுக்குவர். அது பொய்யுரை. மகர ஈறு கெட்டு 'அத்து'ச் சாரியை பெற்று உருபேற்பதைத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலுள்ள உருபியல் வரையறுத்துள்ளது. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியைக் குற்றியலுகரப் புணரியல் கூறுகின்றது. பொறிக்குத் தேவை ஐயமற்ற நெறி. அந்நெறியைப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே எழுதிவைத்த இனம் தமிழினம்!

அங்கேரி மொழியைப் பார்க்க. அம்மொழியில் பெயர்க்கு முன்வரும் சுட்டுச்சொல், அடுத்த சொல் மெய்யில் தொடங்கின் 'அ' என்றும், உயிரில் தொடங்கின் 'அசு' என்பதுபோன்றும் திரியும். எண் வரினும், அவ்வெண்ணைப் படிக்கும் ஒலியைக் கொண்டே அது திரியும். அந்நாட்டினர் இதைத் தம் மொழியின் குறையென எண்ணி நாணவில்லை. 'தெக்' அச்சுக்கோப்பு முறையிலும் 'இலிப்ரே ஆபீசு' மென்பொருளிலும், குறுக்குச் சுட்டின் எண்ணைப் பார்த்து உரிய வடிவைத் தானே இடும் ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டனர். அங்கேரி நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படித் தமிழ்நாட்டில் மட்டும் 7.21 கோடிப் பேர்!

அவ்விரு மென்பொருள்களும் எவரும் திறந்து திருத்தத்தக்கவை. எவரிடமும் கையேந்தி நிற்க வேண்டுவதில்லை. இலக்கணம் கற்றவர் நிரல் எழுதுவாரோடு அமர்க! நிரல் எழுதுவார் உருபியலைக் கற்க! நூல் வெளியிடுவோர், தமிழ் பிழைபடும் இடங்களைத் தொகுத்து அவர்க்கு அளிக்க! கல்லில் நின்ற தமிழ் கணினியிலும் நிமிர்ந்து நிற்கட்டும்!