குழந்தைக்கு டிபி நோயா? ரத்தம் சொல்லாது

"டிபி கோல்டு பாசிட்டிவ்"னு ஒரு லேப் ரிப்போர்ட். அதை மட்டும் வைத்து நாலு வயசுப் பிள்ளைக்கு ஆறு மாசக் காசநோய் மருந்து. புளியறையில் இருந்து செங்கோட்டை, தென்காசி வரைக்கும் இந்தக் கதை எனக்குப் பழகிப்போச்சு. ஆனா கோபம் மட்டும் குறையலை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

காசநோய்க் கிருமி உடம்புக்குள் இருப்பது வேறு, காசநோய் வந்திருப்பது வேறு மக்களே. கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோயே வராது.

டிபி கோல்டு என்ன செய்யுது? ரத்தத்தைக் கிருமியின் புரதத்தோடு சேர்த்து ஒரு நாள் வைப்பாங்க. இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்த வெள்ளை அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதை அளப்பாங்க. அவ்வளவுதான். 'இந்த ஆளை எனக்கு முன்னாடியே தெரியும்'னு அணுக்கள் சொல்லுது. அவன் இப்போ தூங்குறானா, வீட்டைக் கொள்ளையடிக்கிறானானு அதுக்குத் தெரியாது.

மாண்டூ ஊசியும் இப்படித்தான். பிசிஜி தடுப்பூசியால் மாண்டூ ஏமாறலாம், டிபி கோல்டு ஏமாறாது. அந்தப் பெருமை அதுக்கு உண்டு, மறுக்கலை.

நெகட்டிவ் வந்தால் இன்னும் ஆபத்து. சின்னக் குழந்தை, சத்துக் குறைந்த குழந்தை என்றால் நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். 'ஒண்ணுமில்ல'னு வீட்டுக்கு அனுப்பின குழந்தை, மூளைக் காசநோயோட திரும்பி வரும்.

இதைவிட மோசம் பழைய ஐஜிஜி, ஐஜிஎம் டெஸ்ட். 2011-ல் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு தடையே போட்டது. இன்னைக்கும் காசநோய்க்கு அதை யாராவது எழுதினா, சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க.

அப்போ எதைத்தான் பார்ப்பது? ரெண்டு வாரம் தாண்டிய இருமல் அல்லது காய்ச்சல், இறங்கும் எடை, வீட்டில் யாருக்காவது காசநோய். பிறகு நெஞ்சு எக்ஸ்ரே. கிருமியையே தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட். குழந்தை சளியைத் துப்பாது, முழுங்கிடும். அதனால் விடியக்காலை வெறும் வயிற்றில், மூக்கு வழியா டியூப் விட்டு இரைப்பை நீரை எடுப்போம். பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். கையில் ரத்தம் எடுப்பது சுலபம், பில்லும் போடலாம். அதனால்தான் எல்லாரும் அங்கே ஓடுறாங்க. அரசு மருத்துவமனையில் சிபிநாட், ட்ரூநாட் ரெண்டும் இலவசம்.

இன்னொண்ணு. தாத்தாவுக்குச் சளியில் கிருமி இருந்தால், அதே வீட்டில் இருக்கும் 5 வயசுக்குக் கீழான பேரனுக்கு நோய் இல்லைன்னு பார்த்துட்டு நேரா தடுப்பு மருந்து கொடுக்கணும். அதுக்குத் தேசியத் திட்டம் ரத்தப் பரிசோதனையே கேட்கலை. அந்த மாத்திரையும் இலவசம். லேப்பில் ஆயிரக்கணக்கில் கட்டுறதுக்கு முன்னாடி 1800-11-6666-க்கு ஒரு போன் போடுங்க. காசநோய்த் திட்டத்தின் கட்டணமில்லா எண் அது.