மாத்திரை கொடுக்கத் தெரிகிறது, சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?

மக்களே, கொஞ்சம் சூடான பதிவு இது. காபி குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. பத்து வயதுக்கு மேல் நீல நிறம், அதற்குக் கீழே ரோஸ். மேலே சர்க்கரைப் பூச்சு வேறு. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை. நல்ல திட்டங்கள்தான். இரத்தசோகை இந்த நாட்டில் சின்ன விஷயமில்லை. என் கேள்வி வேறு. மாத்திரையைக் கையில் வைத்து "முழுங்கு" என்கிற பள்ளிக்கூடத்துக்கு, அது எதற்கு, ஏன் ஒன்றே ஒன்று என்று சொல்ல ஐந்து நிமிஷம் கிடைக்காதா? விளக்கிச் சொல்ல வேண்டும் என்று திட்டத்தின் வழிகாட்டியிலேயே இருக்கிறது. காகிதத்தில்.

2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு பள்ளியில், யார் அதிகம் தின்பது என்று பிள்ளைகள் போட்டி போட்டு இதே மாத்திரைகளைத் தின்றார்கள். ஒரு மாணவி இறந்துபோனாள். உடனே சஸ்பெண்ட் நடவடிக்கை. மாத்திரையைப் பூட்டி வைப்பது பெரியவர்கள் பொறுப்பு, மறுக்கவில்லை. ஆனால் சஸ்பெண்ட் செய்தால் அடுத்த ஊர்ப் பிள்ளைக்கு அது மிட்டாய் இல்லை என்று தெரிந்துவிடுமா? இரும்புச்சத்து அளவு மீறினால் முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு சில மணி நேரம் ஆள் தேறிவிட்ட மாதிரி இருக்கும். அதை நம்பி வீட்டில் படுக்க வைத்தால் கல்லீரல் போய்விடும். இதை ஒரு பிள்ளை தெரிந்து வைத்திருந்தால், பக்கத்து பெஞ்சுக்காரி பத்து மாத்திரை தின்றதை ஒளிக்காமல் ஓடிப்போய்ச் சொல்லும் அல்லவா?

நான் அகமதாபாத்தில் ஒரு மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் குப்பை கொட்டுகிறேன். நாள் முழுக்க லேபிள் சரிபார்ப்பதுதான் பிழைப்பு. அந்தப் பொடி இங்கிலீஷ் எழுத்தை யார் படிக்கிறார்கள் என்று அடிக்கடி நினைப்பேன். எத்தனையோ வீடுகளில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஏழாவது படிக்கிற பையன். பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன் அவன்தான், மெடிக்கலுக்கு ஓடுகிறவனும் அவன்தான். ஆக, வீட்டு கம்பவுண்டர்! அவனுக்குத்தான் நாம் ஒன்றும் சொல்லித் தருவதில்லை.

குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் உள்ளே பாராசிட்டமால்தான் என்று அவனுக்குத் தெரியுமா? ஒன்றுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று உடனே இன்னொன்றைக் கொடுத்தால் அது வேறு மருந்தல்ல, அதே மருந்து இரண்டு மடங்கு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. அதே பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராமும் உண்டு, 250ம் உண்டு. "ஒரு ஸ்பூன்" என்றால் எந்த சிரப்பில் ஒரு ஸ்பூன்? அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. 2016ல் சுகாதார அமைச்சகம் இதற்கென்று பிரச்சாரமே நடத்தியது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்கள் பார்ப்போம்.

என் பெண்ணின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "மருந்தைப் பற்றிச் சொன்னால் பசங்க எடுத்துத் தின்று பார்ப்பாங்க சார்" என்றார் டீச்சர். ஊட்டியில் பாடம் கேட்டுவிட்டா தின்றார்கள்? ரோடு கடக்கச் சொல்லித் தந்தால் பிள்ளை நெடுஞ்சாலைக்கு ஓடிவிடும் என்று யாராவது பயப்படுகிறோமா?

அடுத்தது வழக்கமான பல்லவி, சிலபஸில் இடமில்லை. ஃபிளெமிங் 1928ல் பெனிசிலினைக் கண்டுபிடித்ததற்கு இடம் இருக்கிறது, அது பரிட்சையில் வரும். காலாவதி தேதியைப் பார்ப்பது வராது!

தனிப் பாடமே வேண்டாம். ஆளுக்கொரு காலி அட்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் வரை, சிவப்புக் கோடு உண்டா... ஒரு பீரியட் போதும். அட்டைகளை நானே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் டீச்சர். அடுத்த மாதமும் போவேன்.