சில்லுக்குப் பூட்டு, திறப்பு எங்க?

எங்கட ஆக்கள் பழைய கார் ஒன்று வாங்கப் போனால் என்னென்ன பார்க்கிறம்? எத்தினை கிலோமீற்றர் ஓடியிருக்கு, ஏசி குளிருதா, எங்கயாவது இடிபட்டுப் பெயின்ற் அடிச்சிருக்கா, புத்தகத்தில எத்தினையாவது ஓனர். எல்லாம் சரியெண்டால் கோயிலடிக்குக் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சுப்போட்டு ஓடத் தொடங்குவம். அந்தச் சில்லுகளைக் கழட்ட ஏலுமா எண்டு மட்டும் ஒருத்தரும் பார்க்கிறதில்லை.

பகிடி இல்லை. அலாய் வீல் போட்ட கார்கள் பலதில், ஒரு சில்லில் இருக்கிற நாலு அல்லது ஐந்து நட்டுகளில் ஒன்று மற்றதுகளைப் போல இருக்காது. அதன் தலையில் ஆறு மூலைக்குப் பதிலாகப் பூ மாதிரி, இல்லாட்டி வளைஞ்ச கோடு மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அதுதான் லொக் நட். சில்லுக் களவைத் தடுக்கப் போடுறது. சாதாரண வீல் ஸ்பானர் அதில் பிடிக்காது. அந்த வெட்டுக்குப் பொருந்துகிற சின்ன அடப்டரைச் செருகி, அதுக்கு மேலதான் ஸ்பானரைப் போட வேணும். அந்த அடப்டர்தான் திறப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிற இரும்புத் துண்டு. அது துலைஞ்சால் உங்கட கார் உங்களுக்கே பூட்டு.

இலங்கையில் அது துலையிறதுக்கு நல்ல வசதி இருக்கு. இங்க ஓடுற கார்கள் கனக்க, யப்பானில் ஓடிப் பிறகு வந்த ரீகண்டிஷன். அங்க முதல் ஓனர் ஆசைப்பட்டுப் போட்ட லொக் நட், ஏலம், கப்பல், சேல் எண்டு எல்லாம் தாண்டி சில்லோடயே வந்து சேரும். திறப்பு வந்ததா எண்டு யார் பார்க்கிறது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். கிட்டத்தட்ட ஐந்து வருஷம் நாட்டுக்குள் இருந்த அதே கார்கள்தான் கை மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கைமாறலிலும் புத்தகம் கவனமாப் போகும். டிக்கிக்குள் கிடந்த இரும்புத் துண்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

பகலில், டயர்க் கடை வாசலில் இது தெரிய வந்தால் காசோடும் கொஞ்ச நேரத்தோடும் போயிடும். ராத்திரி ஏ9இல், ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் காத்துப் போனால்? ஸ்பெயார் வீல் இருக்கு, ஜாக் இருக்கு, ஸ்பானர் இருக்கு. மற்ற நட்டெல்லாம் கழண்டிட்டுது. கடைசி ஒன்று அசையாது. காத்துப்போன சில்லோடயே உருட்டிக்கொண்டு போனால் டயரும் போகும், ரிம்மும் போகும். முறிகண்டியில இறங்கித் தேங்காய் உடைக்கிறம், கச்சான் வாங்கிறம், அந்த நேரத்தில் டிக்கியையும் ஒருக்காத் திறந்து பார்க்கலாம்.

திறப்பு இல்லாமல் கழட்டவே ஏலாதா? ஏலும். நட்டின் வெளிப்பக்கத்தை விட ஒரு சொட்டுச் சின்ன, பன்னிரண்டு மூலைச் சொக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அடிச்சு இறுக்கித் திருப்புறது முதல் வழி. உள்ளுக்குள் இடப்பக்கச் சுருள் வெட்டின எக்ஸ்ட்ராக்டர் சொக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. திருப்பத் திருப்ப அது நட்டைக் கடிச்சுப் பிடிக்கும். வெளிவளையம் தனியாச் சுத்துகிற மாதிரிச் செய்த நட்டுகளில் முதலில் வளையத்தை உளியால் உடைச்சு எடுக்க வேணும். வேறு நட் ஒன்றை மேல வெல்டிங் பண்ணித் திருப்புறதும் உண்டு, ஆனால் சூடு அலாயைப் பழுதாக்கும். ட்ரில் பண்ணுறது கடைசி வழி. கடினப்படுத்தின இரும்பு, ட்ரில் நுனிதான் முதலில் முறியும். இதெல்லாம் பழகின கைக்குரிய வேலை. ரோட்டோரத்தில் போன் வெளிச்சத்தில் தொடங்கினால் ஸ்ரட் முறியும், ரிம்மில் காயம் வரும்.

இங்கதான் எங்களுக்கு ஒரு கேள்வி. டயர்க் கடைக்காரரிடம் இருக்கிற சுத்தியலும் சொக்கெட்டும் கள்ளனிடம் இருக்காதா? லொக் நட் கள்ளனைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் திறப்பைத் துலைச்ச சொந்தக்காரரை அது முழுசா நிறுத்திப்போடும். விலை கூடின ரிம் போட்டு, ராத்திரியில் ரோட்டில் விடுறவருக்கு அந்தத் தாமதம் பெறுமதிதான். மற்ற ஆக்களுக்கு, முக்கியமா ஹயர் ஓடிப் பிழைக்கிறவைக்கு, அது தேவையில்லாத பயம். திறப்பு இல்லாத பூட்டை நல்ல நாள் பார்த்து கராஜில் கழட்டிப்போட்டு, சாதாரண நட் போடுங்கோ எண்டுதான் நாங்கள் சொல்லுவம்.

போடேக்க கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். டொயோட்டாவுக்கும் ஹொண்டாவுக்கும் பெரும்பாலும் 12 மில்லிமீற்றரில் 1.5 மரை. சுசுக்கிக்கும் நிசானுக்கும் பெரும்பாலும் 1.25. நட்டின் அடி கூம்பா, உருண்டையா, தட்டையா எண்டதும் ரிம்மோட பொருந்த வேணும். மாறிப் போட்டால் ஓடேக்க இளகும். போட்டு நூறு கிலோமீற்றருக்குள் ஒருக்கா இறுக்கம் பாருங்கோ.

லொக் நட்டை வைச்சிருக்கத்தான் போறியள் எண்டால், திறப்பு காருக்குள்ள இருக்க வேணும், வீட்டு அலுமாரிக்குள்ள இல்லை. அதோடு வந்த இலக்கத்தைப் படம் எடுத்து வையுங்கோ. துலைஞ்சால் புதுசு எடுப்பிக்க அதுதான் உதவும். கடையில் காத்துத் துவக்கால் அந்த அடப்டரைத் திருப்ப விடாதேங்கோ, வெட்டு தேய்ஞ்சிடும். வேலை முடிய அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ.

காசைக் குடுத்து வாங்கின சாமானைத் திறக்கிற வழி எங்கட கையில் இருக்க வேணும். போனுக்குப் பற்றரி மாத்தவும் கொம்பனியைக் கேக்க வேண்டிய காலத்தில், சில்லுக்கும் அந்த நிலைமையை நாங்களே வரவிடக் கூடாது. அடுத்த முறை கார் பார்க்கப் போனால், அட்வான்ஸ் குடுக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: "அண்ணை, லொக் நட் திறப்பு எங்க?" விற்கிறவர் முழிச்சால், நாலு நட்டுக் கழட்டுற கூலியையும் புது நட்டுக் காசையும் விலையில் குறையுங்கோ.