‘குட் இன்’ சொன்னால் வேலை கிடையாதா?

“நாலு வார்த்தை இங்கிலீஷ் ஒழுங்காக வராதவனுக்கு வேலை மட்டும் எப்படி வரும்?” இந்தப் பேச்சு நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். ‘ஐ ஆம் குட் இன் மேத்ஸ்’ என்கிற பையனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்கள். ‘குட் அட்’ என்று சொல்லியிருந்தால் அவனுக்குக் கணக்கும் வரும் என்று நம்பியிருப்பார்கள். ஒரு பிரிபொசிஷனை வைத்து ஆளை எடைபோடும் இந்த வழக்கம் பெரிய அநியாயம்.

கணக்கில் கெட்டி, சமையலில் கைதேர்ந்தவர், பேச்சில் சூரர். நமக்கு எல்லாவற்றுக்கும் ஏழாம் வேற்றுமை போதும். அந்த ‘இல்’லைத்தான் பையன் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறான். ஆங்கிலத்திலோ அப்படி ஒரே சீரான விதி இல்லை. குட் என்றால் அட். புரொஃபிஷியன்ட் என்றால் இன். குழந்தைகளிடம் பழகத் தெரிந்தவர் குட் வித். ஸ்கில்டுக்கு அட், இன் இரண்டும் செல்லும். நெருக்கடியில் பதறாதவரை ஆங்கிலேயரே ‘குட் இன் எ கிரைசிஸ்’ என்பார்கள். கணக்கு வராத பையனை ‘வீக் இன் மேத்ஸ்’ என்று வாத்தியார் எழுதினால் சரி. கணக்கு வருகிற பையன் தன்னைப் பற்றி ‘இன்’ போட்டால் பிழையாம்! இதெல்லாம் கேட்டுக் கேட்டு நாக்கில் படிய வேண்டியது. யார் வீட்டில் ஆங்கிலம் புழங்கியது, யார் அப்பாவால் பெரிய பள்ளிக்கு ஃபீஸ் கட்ட முடிந்தது என்பதைத்தான் அந்த ‘அட்’ சொல்லும்.

திருச்சிப் பக்கம் பாய்லர் வேலை செய்கிறவர்களுக்கு 6ஜி என்கிற வெல்டிங் தேர்வு தெரியும். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பொருத்திவிடுவார்கள். வெல்டர்தான் அதைச் சுற்றி வர வேண்டும். கீழிருந்து அண்ணாந்து, பக்கவாட்டில், மேலிருந்து என்று ஒரே ஜாயிண்டில் எல்லா நிலையும் வந்துவிடும். ஒரு கையில் ஆர்கான் டார்ச், மறு கையில் ஃபில்லர் ராடு. முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே ரூட் எனும் அடி வெல்ட் சரியாக இறங்காமல் இருந்தால் ஃபிலிம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் தேறிய தம்பி ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தின் இன்டர்வியூவில் ‘ஐ ஆம் குட் இன் வெல்டிங், சார்’ என்றிருக்கிறார். எதிரில் இருந்தவர் ‘அட்’ என்று திருத்திவிட்டு, மேற்கொண்டு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கேட்டிருக்கிறார். தம்பிக்கு வாயடைத்துப்போய்விட்டது. கொண்டுபோன சான்றிதழை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

கடிதம், அறிக்கை எழுதுகிற வேலைக்கு ஆங்கிலம் வேண்டாமா என்பார்கள். கட்டாயம் வேண்டும். அந்த வேலைக்கு வருகிறவரை உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். வெல்டரிடம் டார்ச்சையும் இரண்டு துண்டுக் குழாயையும் கொடுங்கள். ரூட் கேப் எவ்வளவு விடுவீர்கள், ஆம்பியர் எவ்வளவு வைப்பீர்கள் என்று தமிழில் கேளுங்கள். அந்தத் தம்பி அரைமணி நேரம் விளக்குவார்.