மேற்கு நோக்கி ஒரு மாலை

தஞ்சைத் தரணியிற் பிறந்தார்க்கு மலையென்பது அரிய பொருள். நம் முன்னோர் சுவாமிமலையில் ஒரு கட்டுமலை எழுப்பி, தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிக்க 60 படிகள் அமைத்தனர். இயற்கைக் குன்றின் உச்சியில் நின்று கதிரவன் மறைவதைக் காண விழைவோர்க்கோ, ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை உளது.

பெருங்கூட்டமாய்ச் செல்லும் உல்லாசப் பயணத்தை யாம் இகழோம். எனினும், அவ்வுச்சிக்குத் தனியே, அன்றி ஒரு நண்பருடன் செல்வதே சிறந்ததென்பது எம் கருத்து. ஆங்குக் காணத்தக்கது கதிரவன் மட்டுமன்று. முக்கொம்பிற் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் திருவரங்கத்தை நடுவே வைத்து ஓடுகின்றன. வரப்பில் நிற்பவன் தன் வாய்க்காலையே காண்பான். உச்சியில் நிற்பவன் அவ்வாய்க்காலுக்கு நீரளிக்கும் ஆற்றைக் காண்பான். 1934-இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையின் நீரும் கதிரவன் மறையும் அம்மேற்கினின்றே வருகின்றது. நீர் பெருகுங்கால் செவ்வொளி அலைமேல் மின்னும். வறண்ட கோடையில் வெறும் மணல்மேற் படியும். அம்மணலை அமைதியாக நோக்கியவன், கடைமடை உழவனுக்குரிய நீரைத் தன் வயலில் வீணாக்கத் துணியான். கூச்சலிடையே இவ்வெண்ணம் பிறவாது. ஆதலின், வரும் விடுமுறையில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்குவோமாக.