சின்ன மணிக்கூடும் இயலாத விரல்களும்



இப்பகுதியில் வழமையாகக் கொடுப்பனவுகள், விண்ணப்பப் படிவங்கள், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றைப் பற்றி எழுதி வருகிறேன். இம்முறை ஒரு சின்னப் பொருளைப் பற்றி எழுதுகிறேன். அது கைமணிக்கூடு. பற்றரி போடும் மணிக்கூடு அல்ல. நாளுக்கு ஒரு தடவை சாவி கொடுத்தால் ஓடுகிற, பழைய காலத்துப் பெண்கள் மணிக்கூடு. 'இதில் எழுத என்ன இருக்கிறது?' என்று நீங்கள் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு பிழையும் விட்டேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலையின் பொருட்டுச் சென்றுவரும் கிராமம் ஒன்றில் ஓர் அம்மா இருக்கிறார். வயது அறுபத்தாறு. 2009இல் ஷெல் பட்டு, வலது கையில் பெருவிரலின் நுனியும் சுட்டுவிரலும் இல்லாமற் போயின. மற்ற விரல்களும் சரியாக மடங்குவதில்லை. கணவர் அதே ஆண்டில் காணாமற் போனவர். கலியாணம் முடித்த புதிதில் அவர் கொழும்பிலிருந்து வாங்கிவந்து கொடுத்த மணிக்கூடு அம்மாவிடம் இருக்கிறது. இரண்டு ரூபாய்க் குற்றியை விடச் சிறியது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாராம். செட்டிகுளம் முகாமில் மகள் அதற்குச் சாவி கொடுத்தாள். மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனபின் பேரன் கொடுத்தான். பேரன் உயர்தரம் படிக்க யாழ்ப்பாணம் போனதும் மணிக்கூடு நின்றுவிட்டது.

நான் போனபோது அது நான்கு மணி பத்து நிமிடத்தில் நின்றிருந்தது. அடுத்த தடவை போகும்போது பற்றரி மணிக்கூடு ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய எழுத்து, இலகுவான பட்டி. அம்மா சந்தோசமாக வாங்கினார், தேநீர் தந்தார். அடுத்த மாதம் போனபோது அது பெட்டியோடு அலுமாரிக்கு மேல் இருந்தது.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. அது நல்ல மணிக்கூடுதான். ஆனா எனக்கு நேரம் பாக்க ரெலிபோன் கிடக்கு. இதுக்குச் சாவி குடுக்கத்தான் ஆள் இல்லை. அயலுக்குள்ள ஒவ்வொரு நாளும் ஒருத்தரைக் கூப்பிடுறதோ?" என்றார்.

அவருடைய தேவை என்ன என்று நான் கேட்கவே இல்லை. நேரம் தெரியாததால் அவர் கவலைப்பட்டார் என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன்.

அந்த மணிக்கூடு கண்ட காலம்

எங்கள் பகுதியில் சாவி கொடுக்கும் மணிக்கூட்டுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. 1990ஆம் ஆண்டுக்குப் பின் வடக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன. சாவி கொடுப்பவை ஓடின.

பிறகு நேரமே இரண்டானது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். வன்னியில் பழைய நேரமே நடந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தையைக் கடந்து போனவர்களுக்குத் தெரியும்: அந்தப் பக்கம் போனால் அரை மணித்தியாலம் கூட, திரும்பி வந்தால் அரை மணித்தியாலம் குறைவு. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே நாடு திரும்பும்வரை இது நீடித்தது. "பஸ்ஸுக்குள்ள இருந்து அவர் தன்ரை மணிக்கூட்டை மாத்துவார், நான் என்ரையை மாத்துவன்" என்று அம்மா சொன்னார். அப்போது இரண்டு கைவிரல்களும் அவருக்கு இருந்தன.

கையிலா பிழை, குமிழிலா பிழை?

மணிக்கூட்டின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழைத் திருப்பும்போது, உள்ளே இருக்கும் சுருள்வில் (ஸ்பிறிங்) இறுகுகிறது. அது மெல்ல மெல்ல விரிவதால் மணிக்கூடு ஓடுகிறது. குமிழை வெளியே இழுத்துத் திருப்பினால் முட்கள் நகரும்.

முற்காலத்தில் இந்தக் குமிழ் இல்லை. மணிக்கூட்டின் துளையில் உண்மையாகவே ஒரு சாவியை விட்டுத் திருப்பினார்கள். இன்றும் 'சாவி கொடுத்தல்' என்கிறோம் அல்லவா? சாவி தொலைந்தால் மணிக்கூடு நிற்கும். துளைவழியே தூசியும் போகும். அட்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சு மணிக்கூட்டுத் தொழிலாளர் சாவி இல்லாமல் குமிழாலேயே முறுக்கும் முறையைச் செய்து, 1844இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிப் பதக்கம் பெற்றார். ஆகவே இந்தக் குமிழே மனிதர் சிரமத்தைக் குறைக்க வந்த ஒரு மாற்றம்தான்.

ஆனால் பெண்களுக்கான மணிக்கூட்டை அழகுக்காகச் சின்னதாக்கினார்கள். குமிழும் ஒரு பயறு அளவுக்கு ஒடுங்கியது. அதைப் பிடிக்க இரண்டு நல்ல விரல்நுனிகள் வேண்டும். மணிக்கூட்டைப் பிடிக்க மற்றக் கை வேண்டும். விரல் இழந்தவர்கள் மட்டுமல்ல, மூட்டுவாதம் உள்ளவர்கள், கை நடுங்குபவர்கள், தீக்காயத்தால் தோல் இறுகியவர்கள் எல்லோரும் இதில் கஷ்டப்படுவார்கள்.

இனி நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் சுத்தம்

பழைய குமிழின் பற்களில் சவர்க்காரமும் வியர்வையும் அழுக்கும் இறுகி வழுவழுப்பாகிவிடும். ஈரமில்லாத பழைய பல்துலக்கும் பிறஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். தண்ணீர், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எதுவும் விடாதீர்கள். சுத்தம் செய்த பின்னும் குமிழ் மிக இறுக்கமாகச் சுற்றினால் பலவந்தம் பண்ண வேண்டாம். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம். திருத்துபவரிடம் காட்டுங்கள்.

2. மணிக்கூட்டைக் கையிலிருந்து கழற்றுங்கள்

கட்டியபடியே சாவி கொடுத்தால் குமிழின் தண்டு ஒரு பக்கம் வளையும்; விரலுக்கும் இடம் போதாது. ஒரு கை இயலாதவர்கள் சிறு பலகைத் துண்டில் பழைய சைக்கிள் ரியூப்பை விரித்து ஆணியடித்து, அதன்மேல் மணிக்கூட்டை வையுங்கள். இறப்பரில் வழுக்காது. இயலாத கையின் உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தாலே போதும்.

இடது கையால் திருப்ப வேண்டியவர்கள் 12 என்ற எண் தங்கள் பக்கம் வரும்படி மணிக்கூட்டைத் திருப்பி வையுங்கள். அப்போது குமிழ் இடது பக்கம் வந்துவிடும்.

3. ஒரு விரலே போதும்

குமிழை இரண்டு விரலால் நுள்ளிப் பிடிக்க வேண்டும் என்றில்லை. முகம் மேலே பார்க்க வைத்த மணிக்கூட்டில், குமிழின் மேற்பக்கம் 12ஐ நோக்கி உருண்டால் ஸ்பிறிங் இறுகும். எதிர்ப்பக்கம் உருண்டால் 'கறகற' என்று சும்மா சுற்றும். எந்தச் சேதமும் இல்லை. ஆகவே ஒரு விரலின் சதையை குமிழின்மேல் வைத்து, 12ஐ நோக்கி ஒரு இழுவை, திரும்ப ஒரு தள்ளு என்று முன்னும் பின்னும் உருட்டலாம். விரல் வழுக்கினால் இறப்பர்க் கையுறையின் ஒரு விரலை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள்.

4. சைக்கிள் வால்வ் ரியூப்

சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய இறப்பர்க் குழாயை எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு விரற்கடை அளவு வெட்டி, குமிழின்மேல் மாட்டுங்கள். சின்னக் குமிழுக்கு ஒரு நீண்ட கைபிடி கிடைத்துவிடும். மணிக்கூடு திருத்துவோரிடமும் இதே வேலைக்குப் பேனை போன்ற ஒரு கருவி உண்டு. ஒரே ஒரு கவனம்: திருப்பும்போது வெளியே இழுக்காதீர்கள். குமிழ் வெளியே வந்தால் முட்கள் நகர்ந்துவிடும். வேலை முடிந்ததும் இறப்பரைக் கழற்றிவிடுங்கள்.

5. எவ்வளவு கொடுப்பது?

விரலுக்குத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். 'கூடச் சாவி கொடுத்தால் பழுதாகும்' என்ற பயம் பலருக்கு உண்டு. தடை தெரிந்த இடத்தில் நிறுத்தினால் பழுதாகாது. அப்படிப் பழுதானதாகச் சொல்லப்படும் பல மணிக்கூடுகள் உள்ளே அழுக்குப் பிடித்தே நின்றிருக்கும்.

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கொடுங்கள். முழுதாக முறுக்கிய நல்ல மணிக்கூடு ஒரு நாளுக்கும் மேல் ஓடும். அது நிற்காமல் ஓடினால், குமிழை இழுத்து நேரம் வைக்கும் கஷ்டமான வேலை அருமையாகத்தான் வரும்.

6. நேரம் வைக்க

குமிழை வெளியே எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். கத்தியாலோ ஊசியாலோ கிண்டாதீர்கள், தண்டு முறியும். உறுதியான தையல் நூலை குமிழுக்கும் மணிக்கூட்டின் உடலுக்கும் இடையே வளையமாகப் போட்டு, இரு நுனியையும் சேர்த்து நேராக இழுத்தால் வரும். திகதி காட்டும் மணிக்கூடாக இருந்தால், அதில் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் திகதியை மாற்ற வேண்டாம். அந்த நேரத்தில் திகதிச் சில் தானாக நகரத் தொடங்கியிருக்கும்.

7. திருத்துபவரிடம் கேளுங்கள்

'இதைவிடப் பெரிய குமிழ் போட முடியுமா?' என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். குமிழ் தண்டில் மரைபோட்டு மாட்டப்படுவது. மரை பொருந்தி, உடலில் இடமும் இருந்தால் பெரியதை மாற்றலாம். பழைய குமிழைத் திருப்பி வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

குமிழைத் தொடவே முடியாதவர்களுக்கு, கை அசைவிலேயே முறுக்கிக்கொள்ளும் தானியங்கி மணிக்கூடுகள் இருக்கின்றன. பற்றரி மணிக்கூடும் நல்லதே. எது வேண்டும் என்பதை அணிபவர் தீர்மானிக்கட்டும்.

அம்மா கண்டுபிடித்தது

அம்மாவின் மணிக்கூட்டை நகரத்தில் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கும் ஒரு திருத்துபவரிடம் கொண்டுபோனோம். சுத்தம் செய்து, சற்றுப் பெரிய குமிழ் மாட்டித் தந்தார். வால்வ் ரியூப் பக்கத்து வீட்டுத் தம்பி கொடுத்தது. பலகையில் ஆணியடித்தது நான்; ஒரு ஆணி கோணல்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் மூன்றரை மணி. மணிக்கூட்டைக் கடையில் ஓட்டிப் பார்த்தபின் வரும் வழியில் அது நின்றிருந்தது. முட்கள் நான்கு மணி ஐந்து நிமிடத்தில். நான் நூலை எடுத்துக் குமிழை இழுக்கப் போனேன்.

"ஏன் பிள்ளை கஷ்டப்படுறீங்கள்? இன்னும் அரை மணித்தியாலத்திலை நாலு அஞ்சு வரும்தானே. அப்ப சாவி குடுப்பம்" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு யோசித்த எனக்கு இது தோன்றவில்லை. நின்ற மணிக்கூட்டின் நேரம் வரும்வரை காத்திருந்து சாவி கொடுத்தால், நேரம் வைக்கவே தேவையில்லை!

தேநீர் குடித்தபடி காத்திருந்தோம். ரெலிபோனில் நாலு ஐந்து ஆனதும், வலது உள்ளங்கையால் மணிக்கூட்டை அழுத்தி, இடது சுட்டுவிரலால் தன் பக்கம் இழுத்து இழுத்து உருட்டினார். நான் கை கொடுக்கவில்லை. முப்பதுக்கு மேல் எண்ணினேன். பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. மணிக்கூட்டைக் காதில் வைத்துக் கேட்டார். என்னிடமும் நீட்டினார். ஓடியது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது, இயலாமை என்பது உடலில் மட்டும் இல்லை, அந்த உடலை நினையாமல் செய்யப்பட்ட பொருளிலும் படிக்கட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிறது என்று பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கையும் ஏற்று உறுதிப்படுத்தியது. ஒருவருக்கு வேண்டிய நியாயமான மாற்றத்தைச் செய்து கொடுப்பது தருமம் அல்ல, அவருடைய உரிமை என்று அது சொல்கிறது. அலுவலகத்துக்குச் சாய்தளம் கேட்பதற்கும் மணிக்கூட்டுக்குப் பெரிய குமிழ் கேட்பதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் 'என் கைக்கு இயலாது' என்று ஒதுக்கி வைத்த ஒரு பொருள் இருக்கும். தையல் மெசினாக இருக்கலாம், போத்தல் மூடியாக இருக்கலாம், ஒரு பூட்டாக இருக்கலாம். கையைக் குறைசொல்லுமுன் அந்தப் பொருளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எதை எப்படி மாற்றினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். உங்கள் யோசனைகளை இப்பகுதியில் மற்றச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.